பாம்ரிண்ட் அப்படிச் சொல்லவில்லை, அண்ணா

கண்டிப்பான பெற்றோரின் பிள்ளைகளே அமைதியாக வளர்வதாக அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் நிரூபித்தார் என்றும், 2019இல் தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் பெற்றோரின் அடியைத் தடுத்ததால்தான் டர்பனில் உள்ள நம் சாட்ஸ்வொர்த் பகுதிப் பிள்ளைகள் முரடர்களானார்கள் என்றும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. இரண்டுமே தவறு.

பாம்ரிண்ட் 1960களில் கண்டிப்பையே இரண்டாகப் பிரித்தார். ஒன்று, "ஏன் என்று கேட்காதே, சொன்னதைச் செய்" என்னும் அதிகாரம். மற்றொன்று, விதியில் உறுதியாக நின்று, காரணம் சொல்லி, பிள்ளையின் பேச்சுக்கும் காது கொடுப்பது. அவர் சிறந்ததாகக் கண்டது இந்த இரண்டாவதைத்தான். ஆங்கிலத்தில் இரண்டின் பெயர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிப்பதால் பலரும் குழம்பிவிடுகிறார்கள். கட்டுப்பாடே இல்லாத செல்லத்தையும் அவர் ஏற்கவில்லை. அந்த அளவில் உங்கள் கவலை நியாயமானது.

சுமார் 1,60,000 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர் எலிசபெத் கெர்ஷாஃபின் குழு, அடி கூடிய இடத்தில் முரட்டுத்தனமும் கூடியிருப்பதைக் கண்டது. முரட்டுப் பிள்ளை கூடுதலாக அடிவாங்குவதும் உண்டு. ஆகவே அடி ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடி பிள்ளையை அமைதியாக்கும் என்பதற்கு அதில் ஆதாரமே இல்லை.

அரசியல் சாசன நீதிமன்றமும் புதிய குற்றம் எதையும் உருவாக்கவில்லை. பிள்ளையை அடித்த பெற்றோர் "மிதமான தண்டனைதான்" என்று வாதிட்டுத் தப்பும் வழியை மூடியது, அவ்வளவே. பள்ளிகளில் பிரம்பு 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது.

"அடியாத மாடு படியாது" என்று என் ஆயாவும் சொல்வார். அடிவாங்கிய ஒவ்வொரு மாலையும் நான் போய் அடித்தது என் தம்பியை.