வரி உயர்வை எதிர்க்கிறோம், சரி. கேட்பது என்ன?

சொத்து வரி ஏறும்போது வருகிற கோபம் மற்ற வரிகளுக்கு வருவதில்லை. விற்பனை வரி ஒவ்வொரு பில்லிலும் சில்லறையாகக் கரைந்துவிடும், வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். இதற்கு மட்டும் மொத்தத் தொகையைப் போட்டு நோட்டீஸ் வருகிறது, நாமே எடுத்துக் கட்ட வேண்டும். கேட்டால் உங்கள் வீட்டின் மதிப்பு கூடிவிட்டது என்பார்கள். மதிப்பு கூடினால் கையில் பணம் எங்கே கூடியது? ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர் சமையலறையை மட்டும் தனியாக விற்றா வரி கட்டுவார்? அதனால் தெருக்காரர்கள் சேர்ந்து மனு எழுதுகிறார்கள் என்றால் எனக்கு முழுச் சம்மதம். என் தகராறு எல்லாம் மனுவின் கடைசிப் பத்தியோடுதான்.

அங்கே பெரும்பாலும் இருப்பது, எல்லாருக்கும் ஒரே மாதிரி குறை, இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே என்பது. இதையே கேட்டு முழுசாக ஜெயித்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், 1978.

அந்தக் கதையின் தொடக்கமே வேடிக்கை. 1960களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவில் மதிப்பீட்டு அதிகாரியே லஞ்சம் வாங்கிக்கொண்டு நிறுவனங்களின் சொத்து மதிப்பைக் குறைத்துக் காட்டியது அம்பலமானது. ஊழலை ஒழிக்க 1966ல் சட்டம் கொண்டுவந்தார்கள், எல்லாச் சொத்தையும் சந்தை விலையில் ஒரே விகிதத்தில், 25 சதவீதமாக, மதிப்பிட்டுத்தான் வரி கணக்கிட வேண்டும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவரை வீடுகளை சத்தமில்லாமல் குறைத்து மதிப்பிட்டு வந்த பழைய வழக்கமும் அதோடு போய்விட்டது. அப்புறம் 1970களில் வீட்டு விலை எகிற, வரியும் கூடவே எகிறியது. மாநிலக் கஜானாவில் நூற்றுக்கணக்கான கோடி டாலர் உபரி கிடந்தது, ஆனால் யாருக்கு எவ்வளவு நிவாரணம் என்று சட்டமன்றத்தால் முடிவு செய்யவே முடியவில்லை. இவ்வளவு நடந்த பிறகு ஜனங்கள் கொதித்ததில் என்ன தப்பு?

ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் முன்னே நிற்க, சொத்து வரிக்கு வரம்பு கட்டும் தீர்மானத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விடச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. 1978 ஜூன் 6 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 65 சதவீதம் ஆதரவு. தீர்மானம் சொன்னது இதுதான்: வரி சொத்து மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மதிப்பை 1975ஆம் ஆண்டு நிலைக்கு இறக்க வேண்டும், சொத்து கை மாறும் வரை மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. சொத்து வரி வருமானம் ஒரே அடியில் பாதிக்கும் கீழே போனது.

இப்போது யாருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். வீட்டுக்காரருக்குக் கிடைத்த அதே உச்சவரம்பு அலுவலகக் கட்டிடத்துக்கும் தொழிற்சாலைக்கும் கிடைத்தது. வீடு என்றைக்காவது விற்கப்படும், அன்று அதன் மதிப்பு புது விலைக்கு ஏறிவிடும். நிறுவனத்தின் பங்குகளோ தினமும் கை மாறினாலும், யாராவது பாதிக்கு மேல் வாங்கினால் தவிர, கட்டிடம் கை மாறியதாகக் கணக்கில் வராது. வாடகை குறையும் என்று நம்பி ஓட்டுப் போட்ட குடித்தனக்காரர்கள் ஏமாந்தார்கள், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பல நகரங்களில் வாடகைக் கட்டுப்பாடு கேட்டுப் போராட வேண்டியிருந்தது. (ஜார்விஸ் வாடகைக் கட்டிட உரிமையாளர் சங்கத்துக்காக வேலை பார்த்தவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) 1988ல் லாஸ் ஏஞ்சலஸில் வீடு வாங்கிய ஒரு பெண்மணி, அதே மாதிரி வீடு வைத்திருந்த பழைய அக்கம்பக்கத்தாரைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வரி கட்ட வேண்டியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1992ல் தோற்றது. எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துவது இன்னொன்று. வரி விகிதத்தை முடிவு செய்யும் அதிகாரம் உள்ளூரிலிருந்து போனது, வசூலாகிற பணத்தை யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்பதும் மாநிலத் தலைநகரின் கைக்குப் போய்விட்டது. கேள்வி கேட்கப் பக்கத்தில் இருந்த ஆளும் இல்லாமல் போனார்.

இதே கோபத்தை வேறு மாதிரி திருப்பியவர்களும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் சிகாகோவில் ஒரு குடிமக்கள் அமைப்பு, ஊரில் இருந்த பெரிய உருக்காலையின் சொத்தை ஏன் இவ்வளவு குறைவாக மதிப்பிட்டிருக்கிறீர்கள் என்று அதிகாரியைப் போய்க் கேட்டது. பெரியவர்கள் கட்டாத பணம்தானே நம் நோட்டீஸில் ஏறுகிறது.

நிவாரணத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. வருமானத்தோடு ஒப்பிட்டால் வரி தாங்க முடியாத அளவு போகும்போது மிச்சத்தை அரசு திருப்பித் தரும் முறையை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1964லேயே கொண்டுவந்தது. வயதானவர்கள் வீடு விற்கப்படும் வரை பாக்கியைத் தள்ளிவைக்க அனுமதிக்கும் ஊர்களும் இருக்கின்றன. இதையெல்லாம் கேட்டால் காசு தேவைப்படுகிறவருக்குப் போய்ச் சேரும், மாளிகை வைத்திருப்பவருக்கும் சேர்த்துத் தள்ளுபடி வாங்கித் தர நாம் ஏன் தெருவில் நிற்க வேண்டும்?

என்னிடம் கையெழுத்துக் கேட்டு வாருங்கள், கட்டாயம் போடுகிறேன். வருவதற்கு முன்னால் வணிகக் கட்டிடங்களின் மதிப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு ஒரு மனு போட்டுவிட்டு வாருங்கள். தர மாட்டேன் என்றால் அதையே முதல் கோரிக்கையாக வையுங்கள், சதவீதத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.