நமநமவென்று அரிப்பதை ஜப்பானில் எப்படிச் சொல்வது?

கை மடிப்பில் இரண்டு வாரமாக அரிப்பு. வீட்டுக்குப் பக்கத்திலேயே தோல் டாக்டர் இருக்கிறாரே என்று போனேன். நுழைந்ததும் மொன்ஷின்ஹ்யோ என்று உடல்நிலை விவரம் கேட்கும் ஒரு படிவத்தை நீட்டினார்கள். முழுக்க காஞ்சி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்து. மேலே சின்னதாக ஹிராகனா, அதாவது ஒலிப்படி எழுதும் எழுத்து, போட்டிருந்தால்கூட எழுத்துக் கூட்டிப் படித்திருப்பேன். மருந்து ஒவ்வாமை பற்றிய கேள்விக்குத் தப்பாக டிக் அடித்துவிட்டால் என்ன ஆவது? பயமாக இருக்காதா?

ஒரு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் கேட்கிறார்: சிக்குசிக்குவா, ஹிரிஹிரியா? முதலாவது முள் குத்துகிற மாதிரி, இரண்டாவது காந்துகிற மாதிரி. மொழி வகுப்பில் 'கயுய்', அதாவது அரிக்கிறது, என்பதோடு விட்டுவிட்டார்கள். எனக்கோ நமநமவென்று இருக்கிறது. அதற்குக் கிட்டத்தட்ட பொருந்துகிற முஸுமுஸு என்ற சொல் வீட்டுக்கு வந்து தேடிய அப்புறம்தான் கிடைத்தது. அதற்குள் மூன்றே நிமிடத்தில் பார்த்து அனுப்பிவிட்டார்.

காசைப் பற்றிக் குறையில்லை. காப்பீடு இருப்பதால் 30 சதவீதம்தான் நம் கையிலிருந்து. ஆனால் மருந்துக்கடை தனி. அங்கே மறுபடி ஒரு படிவம், மருந்துக் குறிப்பேடு இருக்கிறதா என்று மறுபடி கேள்வி. கடைசியில் இரண்டு களிம்பு கொடுத்தார்கள். ஒன்று ஸ்டீராய்டு, இன்னொன்று வறண்ட தோலுக்கு. எதை முதலில் தடவுவது என்று கடைக்காரம்மா பொறுமையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் பாதி புரியவில்லை. இரண்டு டியூபும் மேசையில் இருக்கின்றன, கை இன்னும் அரிக்கிறது.