எட்டு விளக்கும் பச்சை, வேகம் மட்டும் நூறு

நெட்வொர்க் கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில், உள்ளே இருக்கும் எட்டு வயருக்கும் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகப் பச்சை எரிகிறது. லேப்டாப்பில் சொருகினால் 100 எம்பிபிஎஸ். என்னங்கடா இது, ஜிகாபிட் (ஆயிரம் எம்பிபிஎஸ்) எங்கே?

கேபிள் முனையில் ஆர்ஜே45 பிளக் (லேப்டாப்பில் சொருகுகிற அந்த எட்டு பின் பிளாஸ்டிக் முனை) அடிக்கிற அழகு தெரியாதா? மேலுறையை மூன்று செ.மீ. உரி. பிளேடு நீல வயரைக் கீறிவிடும்; வெட்டிப் போட்டு மறுபடி உரி. முறுக்கைப் பிரி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். நேராக்கு, 13 மி.மீ. விட்டு மீதியை வெட்டு, தள்ளு. ஏழு பேர் ஒழுங்காகப் போவார்கள். எட்டாவது பிரவுன் மகராசன் மட்டும் ஏழாவதின் தலைமேல் ஏறி உட்காருவார். வெளியே இழுத்தால் எட்டும் கலைந்துவிடும். மறுபடி வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு... கேட்6 ரகக் கேபிளின் வயர் தடிமன், அதற்கு முந்தைய ரகமான கேட்5இ-யின் பிளக்கில் நுழையவே அடம்பிடிக்கும். ஒருவழியாக நறுக்கென்று அடித்து முடித்த பிறகுதான் பிளக்கின் பின்பக்கத்தை மூடும் ரப்பர் பூட் மேசை மேலேயே கிடப்பது கண்ணில் படும். அதை முதலிலேயே கோர்த்திருக்கணுமாம்!

இத்தனைக்கும் பிறகு அந்த டெஸ்டர் பார்ப்பது இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கரண்ட் போகிறதா என்பதை மட்டும். பிளக்கின் பின் வயரை அரைகுறையாகக் கடித்திருந்தாலும் பச்சை விளக்குதான். 3, 6-ல் போக வேண்டிய வெள்ளைப் பச்சையையும் பச்சையையும் ரெண்டு பக்கமும் 3, 4-ல் போட்டு ஜோடியைப் பிரித்துவிட்டாலும் பச்சை விளக்குதான். நூறுக்கு 1, 2, 3, 6 பின்கள் போதும். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். மற்ற ரெண்டு ஜோடியில் ஒன்று சொதப்பினால் பல நெட்வொர்க் கார்டுகள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். ஒரு எரர் மெசேஜ் போட்டால் குறைந்தா போய்விடும்?

இதில் சிசிஏ கேபிள் (செம்பு பூசிய அலுமினியம்) வேற. வயரைச் சுரண்டிப் பாருங்கள், செம்புப் பூச்சுக்குக் கீழே வெள்ளையாக அலுமினியம் இளிக்கும். மின்தடை அதிகம் என்பதால் நீளமாக இழுத்தால் பிஓஇ கேமரா (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் வாங்குவது) பகலெல்லாம் சமத்தாக ஓடும். இருட்டியதும் இருட்டில் பார்க்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும், வோல்டேஜ் படுக்கும், கேமரா ரீபூட். திருடன் வரும் நேரத்துக்குச் சரியாக!

சுவருக்குள் போகிற கேபிளுக்குக் கீஸ்டோன் ஜாக்கில் (சுவர் சாக்கெட்) வயர்களை அழுத்திப் பஞ்ச் பண்ணி, ரெடிமேட் பேட்ச் கார்டு (ரெண்டு முனையிலும் பிளக் அடித்தே வரும் குட்டிக் கேபிள்) சொருகித் தொலையுங்கள்.

அதுகிடக்கட்டும். 9 வோல்ட், 12 வோல்ட், 24 வோல்ட் எல்லா அடாப்டருக்கும் ஒரே 5.5 மி.மீ. முனை வைத்த புண்ணியவான் யாருங்க? உள்துளை 2.1-ஆ 2.5-ஆ என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? 2.5 முனை 2.1 ஜாக்கில் லொடலொடவென்று உட்காரும், மேசையைத் தட்டினால் ரவுட்டர் செத்துப் பிழைக்கும். லேபிளும் அழிந்திருக்கும், இல்லையா?