மங்கலதேவி மலைக்கு ரோடு வேண்டாம், நடைபாதை போதும்

சித்திரை நெருங்கிவிட்டால் கம்பம், கூடலூர்ப் பக்கம் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பளியன்குடியிலிருந்து, தமிழக-கேரள எல்லையில் மங்கலதேவி மலைமேல் இருக்கும் கண்ணகி கோயிலுக்குத் தார்ச்சாலை போட வேண்டும், வருஷம் முழுக்கக் கோயில் திறந்திருக்க வேண்டும். கேட்பவர்களின் ஆதங்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நம் கண்ணகியைப் பார்க்கச் சித்ரா பௌர்ணமி ஒருநாள்தான் அனுமதி, அதுவும் குமுளி போய் ஜீப் பிடித்து, கேரள வனத்துறை செக்போஸ்ட் தாண்டி. மனசு வலிக்கத்தான் செய்யும். இருந்தும் அந்த ரோட்டுக் கோரிக்கையில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

லோயர்கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து மேலே சுமார் 6 கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றம், காடு, அப்புறம் காற்று ஆளைத் தள்ளும் புல்மேடு. மூச்சு வாங்கும், முழங்கால் கெஞ்சும். முன்பின் தெரியாதவர் கை கொடுத்துத் தூக்கிவிடுவார். பால்குடம் சுமந்து வருகிற பெண்களுக்குக் கூட்டம் தானாக ஒதுங்கி வழிவிடும். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் காலடியில் கிடக்கும்.

இந்த நடையே வழிபாடு என்று நான் நினைக்கிறேன். மதுரை எரிந்த பிறகு கண்ணகி வந்ததும் நடந்துதானே? வையைக் கரையைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் மேடு பாராமல் இரவும் பகலும் நடந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். பதினான்காம் நாள் வேங்கை மர நிழலில் நின்றவளை முதலில் கண்டவர்கள் மலைக்குறவர்கள். அவளைத் தெய்வமாக ஏற்றுக் குரவைக்கூத்து ஆடியதும் அவர்கள்தான். சேர மன்னன் செங்குட்டுவன் அவளுக்குச் சிலை வடிக்க இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்து கோட்டம் (கோயில்) எழுப்பியதும், இலங்கை மன்னன் கயவாகு வந்து வணங்கியதும் அதற்குப் பிறகு. (கிழக்கிலங்கையில் இன்றும் வைகாசியில் கண்ணகி அம்மனின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது.) புலவர் கோவிந்தராசனார் 1960களில் இந்த மலைக்கோயில்தான் அந்தக் கோட்டம் என்று அடையாளம் காட்டினாரே, அவரும் கண்ணகி போன வழியைத் தேடி நடந்தவர்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ளது பெரியாறு புலிகள் காப்பகம். யானைகள் நடமாடும் காடு. ரோடு வந்தால் பின்னாலேயே கடை வரும், பார்க்கிங் வரும், பிளாஸ்டிக் வரும். எத்தனை மலைக்கோயில்களில் பார்த்துவிட்டோம். ஒருநாள் போக மற்ற நாளெல்லாம் அந்த மலை காட்டுக்கே இருக்கட்டும். ஏற முடியாத பெரியவர்களுக்குக் குமுளியிலிருந்து ஜீப் இருக்கிறது.

என்னை உண்மையில் உறுத்துவது கோயிலின் நிலைமைதான். கூரை சரிந்து, சுவர்க்கற்கள் பெயர்ந்து புல்லுக்குள் கிடக்கின்றன. மழையும் காற்றும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோகின்றன. அந்த ஒருநாள் மட்டும் அம்மனைப் பட்டும் பூவுமாக அலங்கரிக்கிறோம். பொங்கல் வைக்கிறோம், பெண்கள் மங்கல நாணும் வளையலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு முறையிலும் கேரள முறையிலும் பூசை நடக்கிறது. சாமி கும்பிடுகிற யாரும் அங்கே எல்லைக்கோட்டைத் தேடி நான் பார்த்ததில்லை. இது எந்த மாநிலத்துக் கோயில் என்ற சண்டை எல்லாம் கீழே மேடைகளில்தான்.

திருவிழாவுக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் தேனி, இடுக்கி கலெக்டர்கள் கூட்டம் போட்டு ஜீப், போலீஸ், குடிநீர் பற்றிப் பேசுகிறார்கள். சிதறிக் கிடக்கும் கற்களை எண்ணிட்டு அடுக்கி, பழைய வடிவத்திலேயே கோயிலை எடுத்துக் கட்டுவது பற்றியும் அங்கே பேச வேண்டும். நடந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் காட்டை விட்டு இறங்கியாக வேண்டும் என்பதால், பளியன்குடிப் பாதையை இன்னும் சீக்கிரமாகத் திறக்கலாம். வழியில் கூடுதலாகத் தண்ணீரும் மருத்துவரும் வேண்டும், வழுக்குகிற இடங்களில் படி வெட்ட வேண்டும். எம்எல்ஏவுக்கும் எம்பிக்கும் மனு கொடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து ரோட்டுக் கோரிக்கையை அடித்துவிட்டு இவற்றை எழுதுங்கள்.