கால் எரிச்சலுக்கு அலர்ஜி மாத்திரையா?

‘நரம்பு வலிக்குக் காரணம் ஹிஸ்டமின்தான், இரவில் ஓர் அலர்ஜி மாத்திரை போதும், மற்ற மருந்துகளை நிறுத்திவிடலாம்’ என்று ஒரு குரல் பதிவு மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புற வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

முழுப் பொய்யாக இருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஹிஸ்டமின் என்பது அலர்ஜியின்போது உடல் வெளியிடும் ஒரு வேதிப்பொருள். காயம்பட்ட நரம்பருகே மாஸ்ட் செல்கள் எனும் ஒருவகை எதிர்ப்புச் செல்கள் அதை வெளியிடுவது உண்மை. விலங்கு ஆய்வுகளில் அது வலியைக் கூட்டியும் இருக்கிறது, வேறு ஏற்பிகள் (செல்களில் அது ஒட்டிச் செயல்படும் இடங்கள்) வழியே குறைத்தும் இருக்கிறது. ஆனால் மூக்கொழுகலுக்குத் தரும் சின்ன மஞ்சள் அலர்ஜி மாத்திரையான குளோர்பெனிரமின் மனிதரின் நரம்பு வலியைத் தீர்க்கும் என்று நிறுவப்படவில்லை.

நீரிழிவால் நரம்பு கெட்டு வரும் பாத எரிச்சலுக்கு மருத்துவர்கள் தருவது அமிட்ரிப்டிலின், துலோக்செடின், காபாபென்டின், பிரிகாபலின் போன்றவை. கூடவே சர்க்கரைக் கட்டுப்பாடு. காபாபென்டினைத் திடீரென நிறுத்தினால் சிலருக்கு வலிப்புகூட வரலாம். நிறுத்தாமல் மஞ்சள் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினாலோ தூக்கக் கலக்கம் கூடும். விடியற்காலைப் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பதற்கு) மோட்டார் சைக்கிளில் போகிறவர் யோசிக்கட்டும். புரோஸ்டேட் வீங்கிய முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

மருந்து எதற்கானது என்பது அதனுடன் வரும் தாளிலேயே இருக்கும். சுகாதார அமைச்சின் மைஹெல்த் தளத்திலும் பார்க்கலாம், அரசாங்க கிளினிக்கின் மருந்தாளரையும் கேட்கலாம். பதிவை மேற்கொண்டு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே மருந்தை நிறுத்தியவர்கள், தாங்களாகவே பழைய அளவைத் தொடங்காமல், கிளினிக்கில் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.