பக்தி நூலுக்குப் பரிசா? கொஞ்சம் பொறுங்கள்

ஒருமுறை ஆன்மீக நூல்களுக்கான பரிசுத் தேர்வில் என்னையும் நடுவராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றரை மாதத்தில் 38 புத்தகங்கள். மொழிநடைக்கு இவ்வளவு, அமைப்புக்கு இவ்வளவு என்று மதிப்பெண் தாளில் கட்டம் போட்டிருந்தது. கடைசிக் கட்டம் ‘வாசகர் மனதில் ஏற்படும் தாக்கம்’, அதற்கு 20. “ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்” என்று முன்னுரையிலேயே கேட்டுக்கொண்ட ஒரு புத்தகத்தை, நான் ஒரே மாலையில் முடித்துவிட்டு அந்தக் கட்டத்தில் 14 போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நம்பிக்கையை வளர்க்கும் நூல்களைக் கொண்டாடக் கூடாது என்று சொல்லவில்லை. தாராளமாகக் கொண்டாடலாம். ஆனால் மை காய்வதற்குள் எதற்கு? கதைப் புத்தகம் நன்றாக இருக்கிறதா என்று படித்து முடித்ததும் சொல்லிவிடலாம். பக்தி நூல் வேலை செய்ததா என்பது, அதை மூடிவைத்து நெடுநாள் கழித்துத்தான் தெரியும்.

இதை எனக்கு விளங்க வைத்தவர், பின்னாளில் இயேசு சபைத் துறவியர் அமைப்பை நிறுவிய புனித இஞ்ஞாசியார். 1521இல் ஸ்பெயினில் உள்ள பம்பலோனா நகரில் நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலொடிந்து படுத்திருந்த படைவீரர். பொழுது போக வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் அது இல்லை. இயேசுவின் வரலாறும் புனிதர்கள் வரலாறும்தான் இருந்தன. சரி, கிடைத்ததைப் படிப்போம் என்று படித்தார். சாகசக் கனவுகள் நினைக்கும்போது இனித்து, அப்புறம் மனதை வறட்சியாக விட்டுவிடுவதையும், புனிதர்களைப் பற்றிய நினைவு நின்ற பிறகும் உள்ளே நிறைவு தங்குவதையும் படுக்கையிலேயே கவனித்தார். பிடித்த பகுதிகளை நோட்டில் எழுதிவைத்தார். இயேசுவின் சொற்களைச் சிவப்பு மையில், மரியாளின் சொற்களை நீல மையில். இனிப்பதும் தங்குவதும் வேறு வேறு என்று அவர் பிரித்தறிந்ததற்கு எங்கள் மதிப்பெண் தாளில் கட்டமே கிடையாது.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஒரு நூலாசிரியர், பல மாதங்கள் தன்னால் பிரார்த்தனையே செய்ய முடியவில்லை என்று மறைக்காமல் எழுதியிருந்தார். “ஆசிரியருக்கே சந்தேகம் இருக்கிறதே, இது எப்படி நம்பிக்கையை வளர்க்கும்?” என்றார் சக நடுவர். புத்தகம் முதல் சுற்றோடு வெளியேறியது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. 88ஆம் திருப்பாடல் இருளில்தான் முடிகிறது. அதற்காக அதை யாரும் விவிலியத்திலிருந்து எடுத்துவிடவில்லை. மாணிக்கவாசகர் ‘நீத்தல் விண்ணப்பம்’ என்று 50 பாடல்களில் ‘என்னை விட்டுவிடுவாயோ’ என்று கெஞ்சிக்கொண்டே இருக்கிறார். தடுமாறுகிறவனுக்குத் துணை வருவது தடுமாறியவனின் எழுத்துதான். எல்லாக் கேள்விக்கும் விடை வைத்திருக்கும் நூல் எனக்குப் பெரும்பாலும் இரண்டாம் அத்தியாயத்திலேயே அலுத்துவிடுகிறது.

அந்த 14 மதிப்பெண் புத்தகத்துக்கு வருகிறேன். நான்கு வருடம் கழித்து, வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகு, தூக்கம் வராத ஓர் இரவில் அது கையில் அகப்பட்டது. இந்தத் தடவை ஒரு பக்கத்தோடு நிறுத்தினேன். மறுநாள் இன்னொன்று. உள்ளே மடித்துக் கிடந்த பழைய மதிப்பெண் தாள்தான் இப்போது பக்க அடையாளம்.

அதனால் என் யோசனை இது: வெளிவந்து பத்து வருடமாவது ஆன நூல்களை மட்டும் பரிசுக்கு எடுங்கள். புதுப் பிரதி வாங்காதீர்கள், வாசகர்களிடம் இருக்கும் பிரதிகளைக் கேளுங்கள். ஓரம் மடிந்த பக்கமும் பென்சில் கோடும் நடுவர்களை விட நன்றாகப் பேசும். பணத்தை மறுபதிப்புக்கும், கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்புக்கும், ஒலிநூலுக்கும் கொடுங்கள். பொன்னாடை போர்த்த ஆசிரியர் மேடைக்கு வர வேண்டும் என்பதில்லை. 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ‘அறியாமையின் மேகம்’ என்ற தியான நூலை எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.