ஆப்பிளுக்குச் சிவப்பு மட்டுமே இலக்கணம் அல்ல

ஆப்பிள் என்றதும் பெரும்பாலானோர் மனத்தில் எழுவது அடர் சிவப்பும் பளபளக்கும் தோலும் கொண்ட ஒரே ஒரு பழம்தான். உலகெங்கும் அறியப்பட்ட ஆப்பிள் ரகங்கள் ஏறத்தாழ 7,500 என்று தோட்டக்கலை சார்ந்தவர்கள் கணக்குச் சொல்வது வழக்கம். அவற்றில் பச்சையும் மஞ்சளும் உண்டு. சொரசொரப்பான பழுப்புத் தோல் கொண்டவை உண்டு. பச்சையாகக் கடித்தால் முகத்தைச் சுளிக்க வைத்துவிட்டு, அடுப்பில் ஏறியதும் குணம் மாறி மணக்கத் தொடங்குபவையும் உண்டு. இத்தனை இருந்தும் நிறத்தை மட்டும் பார்த்துப் பழத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நமக்கும் நல்லதன்று, பழத்துக்கும் நல்லதன்று என்பது என் உறுதியான கருத்து.

பழத்துக்கு நல்லதன்று என்று நான் சொல்வதற்கு ரெட் டெலிசியஸ் ரகத்தின் கதையே போதும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹயாட் என்ற விவசாயியின் தோட்டத்தில் தானாக முளைத்த மரம் அது. அதன் பழங்கள் தொடக்கத்தில் முழுச் சிவப்பாக இருக்கவில்லை. மஞ்சள் பரப்பின் மீது சிவப்புக் கோடுகள் ஓடியவையாகவே இருந்தன. 1890களில் அதன் உரிமையை வாங்கிய நாற்றுப் பண்ணை அதை ஊரெங்கும் பரப்பியது. அதன் பிறகு ஏதாவதொரு மரத்தின் ஏதாவதொரு கிளையில் வழக்கத்தைவிடச் சிவந்த பழங்கள் காய்த்தால், அந்தக் கிளையிலிருந்தே ஒட்டுக் கட்டிப் பெருக்கும் வழக்கம் வந்தது. இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சிவப்பையே தேர்ந்தெடுத்ததில் நிறம் ஏறியது, தோல் தடித்தது, ருசி இறங்கியது. கண்ணுக்கு நிறைவாகவும் நாக்குக்கு ஏமாற்றமாகவும் ஒரு பழத்தை உருவாக்கிய பொறுப்பு, விளைவித்தவர்களுக்கு மட்டுமல்லாமல் சிவப்பைக் கேட்டு வாங்கியவர்களுக்கும் உண்டு.

இங்கே ஒட்டுக் கட்டுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆப்பிள் விதையை நட்டால் தாய்மரத்தின் பழம் கிடைக்காது. பெரும்பாலும் வேற்று ரகத்தின் மகரந்தம் சேர்ந்தால்தான் பூ காயாகும் என்பதால், ஒவ்வொரு விதையும் ஒரு புதிய கலவையாகிவிடுகிறது. ஆகவே பிடித்த ரகத்தைக் காப்பாற்ற அதன் குச்சியை வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுவதைத் தவிர எளிய வழி கிடையாது. ஆஸ்திரேலியாவில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் நிலத்தில் 1860களில் முளைத்து நின்ற ஒரே மரத்தின் தொடர்ச்சியாகத்தான் உலகின் அத்தனை கிரானி ஸ்மித் மரங்களும் நிற்கின்றன. பச்சை நிறத்துக்காக யாரும் அதை ஒதுக்காமல் விட்டது நம் நல்லகாலம்.

தோட்டத்தில் நின்று பார்த்தால், சிவப்பு எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது விளங்கும். தோலின் சிவப்பு, ரகத்தின் இயல்பையும் அந்தப் பழத்தின் மீது விழுந்த வெயிலையும் பொறுத்தது. பகலில் வெயிலும் இரவில் குளிரும் வாய்த்தால், உள்ளே இன்னும் காயாக இருக்கும் பழம்கூட வெளியே சிவந்துவிடும். பழுத்ததா என்று அறியச் சிவப்புக்கு அடியில் இருக்கும் அடிநிறத்தைத்தான் பார்க்க வேண்டும். காம்புக் குழியைச் சுற்றி அது பச்சையிலிருந்து வெளிர்மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கி உயர்த்தி, லேசாகத் திருகினால், முதிர்ந்தது காம்போடு கையில் வந்துவிடும். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் விட்டுவிடுவதே நல்லது, ஏனென்றால் அடுத்த ஆண்டுக் காய்ப்புக்கான குட்டைக் கிளையும் அதோடு ஒடிந்துவிடக்கூடும். விளைவிப்பவர்கள் இன்னொரு சோதனையும் செய்வார்கள். பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் அயோடின் கரைசலைத் தடவினால், மாவுச்சத்து மிச்சமிருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். சர்க்கரையாக மாறிய இடம் வெளுப்பாகவே நிற்கும். அந்த வெளுப்பு விதை அறைகளிலிருந்து தோலை நோக்கிப் பரவுவதைப் பார்த்தே அறுவடை நாளைக் குறிப்பார்கள்.

சமையலறைக்கு வந்துவிட்டால் நிறத்தின் பேச்சே எடுபடாது. அங்கே புளிப்பும் சதையின் உறுதியும்தான் கணக்கு. இங்கிலாந்தின் சவுத்வெல் என்ற ஊரில் 1809இல் ஒரு சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த பிராம்லி, பச்சையாகத் தின்னப் பல்லைக் கூசவைக்கும் பழம். ஆனால் சூடு பட்டதும் நுரைத்துக் குழைந்துவிடும். கோல்டன் டெலிசியஸ் அப்படியன்று. துண்டுகள் வெந்த பின்னும் பெரும்பாலும் உருக்குலையாமல் நிற்கும். குழையும் பழத்தை வைத்துக்கொண்டு துண்டு துண்டாக நிற்கவில்லையே என்று வருந்துவதும், நிற்கும் பழத்தை மணிக்கணக்கில் கிளறுவதும் வீண் வேலை. (நியூட்டனின் வீட்டுத் தோட்டத்தில் நின்றதாகச் சொல்லப்படும் மரமும் ஃபிளவர் ஆஃப் கென்ட் என்ற சமையல் ரகம்தான், விழுந்த பழத்தைக் கடித்துப் பார்த்திருந்தால் அவர் சிந்தனை வேறு பக்கம் போயிருக்கும்.)

நான் செய்யும் ஆப்பிள் கூழ் மிக எளிது. புளிப்பு ரகத்தின் துண்டுகளை அடிகனமான பாத்திரத்தில் இட்டு, இரண்டு கரண்டி நீர் மட்டும் விட்டு, மூடி, சிறு தீயில் வைப்பேன். பழமே நீர் விட்டுக்கொள்ளும். சீவிய தோலையும் நடுத்தண்டையும் மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி உள்ளே போட்டால், அவற்றிலுள்ள பெக்டின் இறங்கிக் கூழ் கெட்டிப்படும். சர்க்கரையைக் கடைசியில், ருசி பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். முதலிலேயே கொட்டிவிட்டால் புளிப்பு எவ்வளவு என்பதே தெரியாமல் போய்விடும். நறுக்கிய துண்டுகள் பழுப்பாவதைக் கண்டு பதறவும் வேண்டாம். வெட்டுப்பட்ட செல்களிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. எலுமிச்சைச் சாறு சில துளிகள் தடவினால் அடங்கிவிடும்.

அன்றாடப் பயன்பாட்டில் பலர் அஞ்சுவது, பழம் பல மாதம் கிடங்கில் இருந்தது என்ற செய்தியை. அந்த அச்சத்தில் எனக்கு உடன்பாடில்லை. அறுவடைக்குப் பிறகும் ஆப்பிள் சுவாசித்துக்கொண்டிருக்கும். ஆக்சிஜனைக் குறைத்து, குளிரில் வைத்தால் அந்தச் சுவாசம் மந்தமாகும் என்பதை 1920களில் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இரு அறிஞர்கள் ஆராய்ந்து காட்டினார்கள். இன்றைய கிடங்குகள் அந்த வழியில்தான் இயங்குகின்றன. மணம் ஓரளவு குறையும் என்பது உண்மை. அதற்காகப் பழம் நஞ்சாகிவிடுவதில்லை. கெடுதல் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் நடக்கிறது. அழகுக்காக மேசைத் தட்டில் அடுக்கி வைக்கும் ஆப்பிள் சில நாட்களிலேயே மொறுமொறுப்பை இழக்கத் தொடங்கும். குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். கீரைகளையும் கேரட்டையும் அதனருகில் வைக்கக் கூடாது, ஏனென்றால் ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்க வைக்கும். அதே வாயு, காயாக இருக்கும் வாழையைப் பழுக்க வைக்க உதவும். அடிபட்ட பழத்தை மட்டும் தனியே எடுத்து முதலில் தீர்த்துவிட வேண்டும். கடிக்க மாவுபோல் ஆகிவிட்ட பழத்தை எறிய வேண்டியதில்லை. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் மேலே சொன்ன கூழுக்கு அது தாராளமாக உதவும்.